வட்டத்தைப் பகுத்தவர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி வானொலியில் பலர் பேசியிருக்கிறார்கள். அதன் சிற்பங்களைப் பற்றியும், கல்வெட்டுக்களைப் பற்றியும், சுவர் ஓவியங்களைப் பற்றியும் நேயர்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், 1808ஆம் ஆண்டில் அந்தக் கோயிலின் விமானத்தில் மோதி உருக்குலைந்த ஓர் உலோக வட்டம்.

அந்த வட்டம் தியோடலைட் என்னும் நில அளவைக் கருவியின் உறுப்பு. அதன் குறுக்களவு மூன்று அடி. கருவி முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ அரை டன் எடை. அதனை உயரே ஏற்றும்பொழுது கயிறு அறுந்தது. கருவி கல்லில் மோதியது. உடைந்தது ஒரு பொருள்தானே, வேறொன்று வாங்கினால் போயிற்று என்று தோன்றலாம். அப்படி எளிதில் வாங்கக்கூடிய பொருளன்று அது. அந்த இழப்பின் அளவை உணர வேண்டுமானால், அத்தகைய வட்டங்களை யார் செய்தார்கள், எவ்வாறு செய்தார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகையால் தஞ்சையைச் சற்று நேரம் விட்டுவிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் லண்டன் மாநகருக்குச் செல்வோம்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பாகைமானியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அரை வட்டத்தில் 180 கோடுகள் இருக்கும். நில அளவையாளருக்கும் வான நூலாருக்கும் அந்த அளவு நுட்பம் போதாது. ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலையில் 60 விகலை. ஆக ஒரு முழு வட்டத்தில் 12,96,000 விகலைகள் அடங்கும். மூன்றடி வட்டத்தின் விளிம்பிலே ஒரு விகலைக்கு உரிய இடம், ஒரு மில்லிமீட்டரை 450 கூறு செய்தால் அதில் ஒரு கூறுதான். இந்த அற்ப அளவு பிழைத்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். முப்பது மைலுக்கு அப்பால் உள்ள குன்றை நோக்கும்போது, விளிம்பில் ஒரு விகலை தவறினால் குன்று ஒன்பது அங்குலம் இடம் பெயர்ந்துவிடும். அந்தக் குன்றிலிருந்து அடுத்த குன்று, அதிலிருந்து அடுத்தது என்று நூறு முக்கோணங்களைக் கட்டிக்கொண்டு போனால் பிழைகளும் கூடவே நடந்து வரும்.

அப்படியானால் அந்தக் கோடுகளை வட்டத்தின்மேல் யார் போட்டது? எதைக் கொண்டு போட்டது? கருவிகளின் வரலாற்றில் என் மனம் பெரிதும் ஈடுபடுவது இந்தக் கேள்வியில்தான். சரியான கோல் கையில் இருந்தால் எவரும் அளந்துவிடலாம். அந்த முதற்கோலைச் சரியாகச் செய்தவனுக்கு எந்தக் கோல் துணை நின்றது?

துணை நின்றவை கவராயமும் கண்ணும் பொறுமையும்தான். ஒரு வட்டத்தின் ஆரத்தைக் கவராயத்தால் எடுத்து, அதே வட்டத்தின்மீது வைத்தால் 60 பாகை கிடைக்கும். இது யூக்ளிட் காலம் முதல் தெரிந்த செய்தி. அதைப் பாதியாக்கினால் 30. மீண்டும் பாதியாக்கினால் 15. இதுவரை வடிவ கணிதம் உடன் வருகிறது. 15ஐப் பாதியாக்கினால் ஏழரை. அதற்குமேல் எத்தனை முறை பாதியாக்கினாலும் ஒரு பாகை என்னும் முழு அளவு வாராது. மூன்றாகவும் ஐந்தாகவும் பகுத்தால்தான் வரும். அப்படிப் பகுப்பதற்குக் கவராயத்தைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

லண்டனில் கடிகாரமும் கருவியும் செய்த ஜார்ஜ் கிரஹாம் இதற்கு ஓர் அழகிய உபாயம் கண்டார். கிரீன்விச் வான்காட்சி நிலையத்தில் ஹாலியின் பயன்பாட்டுக்காக 1725இல் எட்டடி ஆரமுள்ள ஒரு கால்வட்டத்தை அவர் அமைத்தார். அதில் வழக்கமான 90 பாகைக் கோடுகளோடு, அருகிலேயே மற்றொரு வரிசையாக, அதே கால்வட்டத்தை 96 பாகமாகவும் பகுத்து வைத்தார். 90 இருக்க 96 எதற்கு? கால்வட்டம் 96 ஆனால், 60 பாகைக்கு உரிய பங்கு 64 ஆகும். 64ஐப் பாதி, பாதியாக ஆறு முறை பகுத்தால் ஒன்றில் வந்து நிற்கும். தள்ளி வைத்துப் பார்க்கும் வேலையே இல்லை. ஒரு வரிசையை மற்றொன்றோடு ஒத்துப் பார்த்தால் பிழை வெளிப்படும். கிரஹாம் 1751இல் மறைந்தபோது அவர் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். கருவி செய்தவருக்கு அங்கே இடம் கிடைத்தது அரிதான பெருமை.

அவருக்குப் பின் வந்த ஜான் பேர்ட் நெசவுத் தொழிலிலிருந்து வந்தவர். பித்தளை வெப்பத்தால் நீளும் என்பதை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. கோடு பகுக்கும் வேளையில் தம் அறைக்குள் தம்மைத் தவிர ஓர் ஆளுக்கு மேல் இருக்க விடமாட்டாராம். மனித உடம்பின் சூடே வேலையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம். அவருடைய முறையை எழுதி வெளியிடுவதற்காகவும், பிறருக்குக் கற்பிப்பதற்காகவும் தீர்க்கரேகை வாரியம் 500 பவுன் கொடுத்தது. 1767இல் அந்த விளக்கம் அச்சாயிற்று. ஆனால் முறை அச்சேறினாலும் கை அச்சேறுமா? பேர்டின் கை வேறொருவருக்கு எளிதில் வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் வருகிறார். யார்க்‌ஷயரில் 1735இல் பிறந்தவர். தந்தை விடுதி நடத்தியவர். இவரும் துணித் தொழில் பயின்று, லண்டனில் ஒரு துணிக் கிடங்கில் எழுத்தராக இருந்தார். நல்ல வேலைதான். அதை விட்டுவிட்டு, ஏறக்குறைய இருபத்து மூன்றாம் வயதில், கருவி செய்யும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் தொடங்கும் இடத்தில் அவர் தொடங்கினார். சில ஆண்டுகளில் தமக்கென்று ஒரு பட்டறை அமைத்துக்கொண்டார். கண்ணாடி வில்லைகளுக்குப் பேர்பெற்ற ஜான் டாலண்டின் மகளை மணந்தார்.

கையின் திறமையை ஒரு பொறிக்குள் வைத்துவிட முடியுமா என்பதே ராம்ஸ்டன் எடுத்துக்கொண்ட கேள்வி. முதலில் ஒரு பொறி செய்தார். அதில் நிறைவு கொள்ளாமல் 1770களின் நடுவில் இரண்டாவது ஒன்றைச் செய்து முடித்தார். 45 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு வெண்கலச் சக்கரம் படுக்கை நிலையில் கிடக்கும். அதன் விளிம்பில் 2,160 பற்கள். பற்களோடு இணைந்து ஒரு திருகு. திருகை ஒரு முறை முழுதும் சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். அது 10 கலை. ஆறு முறை சுற்றினால் ஒரு பாகை. திருகின் தலையிலே 60 கோடுகள் இருந்தமையால், ஒரு கோட்டளவு திருப்பினால் 10 விகலை. பகுக்க வேண்டிய கருவியைச் சக்கரத்தின்மேல் பொருத்திவிட்டு, காலால் மிதிக்க மிதிக்கத் திருகு நகரும். கையால் கோடு இழுக்க வேண்டியதுதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த 2,160 பற்களைச் சமமாக வெட்டியது எப்படி? இங்கேதான் பழைய கவராயம் மறுபடியும் வருகிறது. ராம்ஸ்டன் சக்கரத்தின் வட்டத்தை முதலில் ஐந்தாகப் பகுத்தார். ஒவ்வொன்றையும் மூன்றாகப் பகுத்தார். பிறகு நான்கு முறை பாதி பாதியாக்கினார். 240 பகுதிகள் ஆயின. பகுதிக்கு ஒன்பது பல் வீதம் 2,160. பின்னர், வெட்டும் கூர்மையுள்ள ஒரு திருகை அந்தக் குறிகளுக்கு ஏற்பப் பதிய வைத்து, சக்கரத்தை மீண்டும் மீண்டும் சுற்றவிட்டுப் பற்களை ஆழமாக்கினார். ஒரு பல்லில் இருந்த சிறு பிழை பக்கத்துப் பற்களோடு பங்கிடப்பட்டு, சுற்றச் சுற்ற மங்கியது. கை செய்த பிழையைப் பொறி தானே தேய்த்துத் தீர்த்துக்கொண்டது என்று சொல்லலாம். இதைவிட நுட்பமான யோசனை அந்த நூற்றாண்டின் தொழில் வரலாற்றில் எனக்குத் தெரிந்தவரை மிகக் குறைவு.

தீர்க்கரேகை வாரியம் இதற்காக ராம்ஸ்டனுக்கு 615 பவுன் அளித்தது. அதில் 300 பவுன் கண்டுபிடிப்புக்குப் பரிசு. 315 பவுன் பொறியின் உரிமைக்கு விலை. பொறி அவரிடமே இருக்கும். ஆனால் மற்றக் கருவி வேலைக்காரர்கள் கொண்டுவரும் செக்ஸ்டண்டுகளை ஆறு ஷில்லிங் கூலிக்கு அவர் கோடிட்டுத் தர வேண்டும். பொறியின் அமைப்பை ஒளிக்காமல் வெளியிட வேண்டும். 1777இல் அதன் விளக்கம் படங்களோடு வெளிவந்தது. கடலோடிகள் கையில் நம்பத்தக்க செக்ஸ்டண்டு பரவலாக வந்து சேர்ந்தது இதன் பயன்.

ஆனால் மூன்றடி, ஐந்தடிப் பெருவட்டங்கள் எப்போதும் தனிக் கவனம் கேட்டன. ராம்ஸ்டன் அவற்றில் குறை கண்டால் தளராமல் மீண்டும் தொடங்குவார். அதனால் தாமதம். பிரிட்டிஷ் நில அளவைக்காக வில்லியம் ராய் என்னும் படைத்தலைவர் 1784இல் கேட்ட பெரிய தியோடலைட் 1787இல்தான் கைக்கு வந்தது. ராய் பொறுமை இழந்து, தம் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே ராம்ஸ்டனின் மெத்தனத்தைக் குத்திக்காட்டி எழுதினார். ராம்ஸ்டன் ராயல் சொசைட்டிக்கு முறையிட்டார். அவரும் அச்சங்கத்தின் உறுப்பினரே. 1795இல் அது அவருக்குக் காப்ளி பதக்கமும் வழங்கியது. டப்ளின் நகருக்கு அருகே டன்சிங்க் வான்காட்சி நிலையத்தார் 1785இல் கேட்ட வட்டமோ அவர் 1800இல் இறந்த பிறகும் வரவில்லை. அவருடைய பட்டறையில் முதல்வராக இருந்த பெர்ஜ் என்பவர் முடித்து, 1808இல் போய்ச் சேர்ந்தது! அரசர் குறித்த நாளில், குறித்த நேரத்தில் ராம்ஸ்டன் அரண்மனைக்குப் போய் நின்றாராம். ஆண்டு மட்டும் ஒன்று பிந்திவிட்டதாம். இது செவிவழிக் கதை. எனினும் ஆளை நன்றாகக் காட்டுகிறது. இதே தாமதக்காரர் செய்து கொடுத்த ஐந்தடி வட்டத்தைக் கொண்டுதான் பலெர்மோவில் பியாட்சி 1801இல் சீரிஸ் என்னும் சிறுகோளைக் கண்டார் என்பதையும் உடன் வைத்து எண்ண வேண்டும்.

ராம்ஸ்டனிடம் வேலை கற்றவர்களுள் ஒருவர் வில்லியம் கேரி. அவர் பின்னர் லண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் தனிக் கடை வைத்தார். தஞ்சையில் மோதிய தியோடலைட் அந்தக் கேரியின் பட்டறையில் உருவானது. இப்போது நாம் தமிழ்நாட்டிற்குத் திரும்பலாம்.

நான்காம் மைசூர்ப் போர் 1799இல் முடிந்தது. அந்தப் போரில் இருந்த வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, தீபகற்பத்தைக் குறுக்காகவும் நெடுக்காகவும் முக்கோணங்களால் அளந்துவிட வேண்டும் என்று ஒரு திட்டத்தைக் கம்பெனியாரிடம் வைத்தார். நிலப்படம் வரைவது வெளிப்படையான நோக்கம். பூமி எவ்வளவு தட்டையான உருண்டை என்று கண்டுபிடிப்பது அவருடைய உள்ளத்து ஆசை. அதற்குக் கருவி வேண்டும். கேரியின் தியோடலைட் கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மொரீசியஸ் தீவுக்குப் போயிற்று; அறிவுத் துறைக்குரிய கருவி என்று கண்டு, பகைவரானாலும் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

நீளம் அளப்பதற்கான சங்கிலியின் கதை இன்னும் வேடிக்கையானது. 1793இல் சீனப் பேரரசரிடம் தூது சென்ற மக்கார்ட்னி பிரபு கொண்டுபோன பரிசுகளோடு ராம்ஸ்டன் செய்த எஃகுச் சங்கிலி ஒன்றும் சென்றது. அங்கே அதை யாரும் பொருட்படுத்தவில்லை. தூதுக் குழுவில் இருந்த டின்விடி என்ற அறிஞரோடு அது கல்கத்தாவுக்கு வந்தது. அங்கிருந்து லாம்டனிடம் வந்தது. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள். மொத்தம் 100 அடி. அதைக் கொண்டு 1802 ஏப்ரல் 10ஆம் நாள் முதல் மே 22 வரை, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார்கள். சித்திரை வைகாசி வெயிலில் எஃகு நீளும் என்பதற்காகச் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து அளந்தார்கள் என்பதை நினைத்தாலே வியர்க்கிறது.

அடிக்கோடு ஒன்று சரியாக அமைந்துவிட்டால், பிறகு கோணங்களை அளந்தே எல்லாத் தொலைவுகளையும் கணக்கிடலாம். குன்றுகள் இருக்கும் நாட்டில் இது எளிது. காவிரிச் சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஆகவே கோயிலின் உயரத்தை நாடினார்கள். தஞ்சை விமானம் 200 அடிக்கு மேற்பட்டது. அரை டன் கருவியைக் கப்பிகள் வைத்துக் கயிற்றால் தூக்கினார்கள். கருவி பக்கவாட்டில் ஆடாமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. பெட்டியோடு கருவி கல்லில் மோதியது. வட்டம் தன் வட்ட வடிவத்தை இழந்தது.

லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு எவரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. கருவியை முற்றிலும் பிரித்தார்கள். ஒரு பெரிய தட்டைப் பலகையில், தேவையான அளவுக்குச் சரியாக ஒரு வட்டத்தை வெட்டினார்கள். நசுங்கிய உலோக வட்டத்தை அதற்குள் வைத்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக வெளிப்புறம் இழுத்து, பலகை வட்டத்தோடு பொருந்தச் செய்தார்கள். வளைந்துபோன ஆரக்கால்களைச் சிறிய மரக் கொட்டாப்புளிகளால் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரம் ஆயிற்று. வட்டம் ஏறக்குறையப் பழைய வடிவத்தை அடைந்தது.

நசுங்கிய வளையலைப் பொற்கொல்லர் தட்டி வட்டமாக்குவதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்தால் அங்கே வேலை முடிந்துவிடும். இங்கே மில்லிமீட்டரில் 450இல் ஒரு கூறு என்பது கணக்கு. அந்தக் கூடாரத்துக்குள் இருந்த கைவினைஞர்கள் யார்? லாம்டனின் விடாமுயற்சியைப் போற்றி இந்த நிகழ்ச்சியை எழுதிவைத்தவர்கள் அவர்கள் பெயரை எழுதவில்லை. கொட்டாப்புளி பிடித்த கை எது, எந்த ஊர்க் கை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

‘ஏறக்குறைய’ என்ற சொல் ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன பரிகாரம்? பரிகாரம் உண்டு. வட்டத்தின் ஒரே பகுதியில் கோணத்தைப் படித்தால் அந்தப் பகுதியின் குறை முழுவதும் விடையில் ஏறும். எதிரெதிர்ப் பக்கங்களில் நுண்ணோக்கி வைத்துப் படித்துச் சராசரி எடுத்தால், மையம் விலகியதால் வரும் பிழை மறையும். வட்டத்தின் தொடக்கக் கோட்டை மாற்றி மாற்றி வைத்து, ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் அளந்தால், கோடுகளின் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும். இந்தப் பின்னைய முறையை நில அளவையில் கண்டிப்பான ஒழுங்காக ஆக்கியவர், 1823இல் லாம்டன் மறைந்தபின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட். தஞ்சையில் அடிபட்ட கருவியை அவரும் கையாண்டவர்.

எவரெஸ்ட் உடல்நலம் குன்றி இங்கிலாந்து சென்று, 1830இல் புதிய கருவிகளோடு திரும்பினார். கருவிகளோடு, அவற்றைப் பேணுவதற்கு ஹென்றி பாரோ என்னும் லண்டன் கருவி வல்லுநரையும் அழைத்து வந்தார். கணிதக் கருவி செய்பவர் என்பது பாரோவின் பதவிப் பெயர். கேரியின் பழைய தியோடலைட்டைப் பிரித்துப் புதுப்பித்தவர் அவர். எவரெஸ்டோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. எவரெஸ்டோடு ஒத்துப்போனவர்கள் சிலரே. 1839இல் பாரோ விலகினார்.

அவர் இடத்துக்கு யார்? லண்டனிலிருந்து இன்னொருவர் வர வேண்டியதில்லை என்று எவரெஸ்ட் கருதினார். அவரிடமே ஒருவர் இருந்தார். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மோசின் உசேன் என்பவர் அவர். சென்னையில் ஒரு நகைக்கடையில் நுண்ணிய பழுது வேலைகள் செய்துகொண்டிருந்தவரை, சர்வேயர் ஜெனரல் பதவிக்குச் சென்ற வாலண்டைன் பிளாக்கர் கண்டறிந்து கல்கத்தாவுக்கு அழைத்துப்போனார். பிளாக்கர் 1826இல் இறந்துவிட்டார். மோசின் நில அளவைப் பட்டறையிலேயே தங்கினார். லண்டனில் பேர்பெற்ற டிரௌட்டன், சிம்ஸ் பட்டறையிலிருந்து வந்த வானளவை வட்டங்களில் குறை தெரிந்தபோது, அவற்றைத் திருத்தி அமைக்கும் பணியில் முன்நின்றவர் அவர். அவருடைய கைத்திறனையும் யோசனைத் திறனையும் எவரெஸ்ட் மனம் திறந்து பாராட்டி எழுதியிருக்கிறார். பாராட்டு எளிதில் வாராத பேனா அது. எவரெஸ்டின் பரிந்துரையால், பாரோ வகித்த கணிதக் கருவி செய்பவர் என்னும் பதவி 1840களில் மோசினுக்கு வந்தது.

கிரஹாமுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் கல் இருக்கிறது. ராம்ஸ்டனுக்குப் பதக்கம் இருக்கிறது. எவரெஸ்டுக்கு ஒரு மலையே இருக்கிறது. மலையின் உயரத்தைக் கணக்கிட்ட இராதாநாத் சிக்தாரின் பெயரையும் இப்போது பலர் அறிவர். குமரி முனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பெருவில்லைக் கண்ணால் நோக்கியவர்களையும் காகிதத்தில் கணக்கிட்டவர்களையும் வரலாறு ஓரளவு குறித்துவைத்திருக்கிறது. நோக்கிய கருவியை நோக்கத்தக்கதாக வைத்திருந்தவரைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவன்று.

ராம்ஸ்டனின் வெண்கலச் சக்கரப் பொறி இன்று வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராய் காத்திருந்து பெற்ற தியோடலைட் இரண்டாம் உலகப் போரில் சவுதாம்ப்டன் நகரில் விழுந்த குண்டுகளால் அழிந்தது. லாம்டனின் தியோடலைட்டுக்கு அந்த விதி நேரவில்லை. அது தேராதூனில் இந்திய நில அளவைத் துறையின் காப்பில் உள்ளது. மோசின் உசேன் 1864இல் காலமானார்.